பிரேக்கை அமுக்கிப் பார்க்காதவன்

வண்டியின் பின்லைட் சரியாக எரிகிறதா என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்குவார், இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்வார். இதில் வித்தை ஒன்றும் இல்லை. டீக்கடையில் நிற்கிற யாரைக் கூப்பிட்டாலும் வந்து அமுக்கிவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். "அண்ணே, பிரேக்கக் கொஞ்சம் அமுக்குங்க" என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன்! ஒரே ஒரு நாள் கத்தவில்லை. அன்றைக்குக் கோபத்தில் இருந்தேன்.

என் கடை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மெயின் ரோட்டின் மேல் இருக்கிறது. செல்ஃப், டைனமோ, ஒயரிங் என்று போர்டு. சவுதியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்த புதிதில், அந்தப் போர்டின் மூலையில் 'ஃபாரின் ரிட்டர்ன்' என்றும் எழுதச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் அதுதான். எதிர்த்தாற்போல இருக்கிற டீக்கடையில் அன்றிலிருந்து என்னை விட்டபாடில்லை. ஒரு ஃபியூஸ் மாற்றப் பத்து நிமிஷம் ஆனால்கூட, "என்னப்பா, அங்கிட்டு இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல தட்டுவாகளோ?" என்று எவனாவது ஆரம்பிப்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வருவது தெரிந்துதான் சொல்வார்கள்.

அன்றைக்கு என் கடையில் நின்ற மிலிட்டரி லாரி எங்கள் பக்கத்துத் தைலமரக் காண்ட்ராக்டருடையது. பட்டாளத்தில் ஓடி முடித்து ஏலத்துக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தைலமரக் காட்டுக்குள் மணல் பாதையில் மற்ற லாரிகள் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கும். இது மட்டும் முன்சக்கரமும் சேர்ந்து இழுத்து, முழு லோடு மரத்தோடு முனகிக்கொண்டே வெளியே வந்துவிடும். பட்டாளத்துப் பச்சை கலரில் ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் பிரவுன் கலர் அடித்திருந்தார்கள். எங்காவது கல் பட்டுப் பெயர்ந்தால் உள்ளே பச்சை எட்டிப் பார்க்கும்.

அதை ஓட்டியவர் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அறுபதைத் தொடுகிற வயசு. வண்டி வந்த நாளிலிருந்து வேறு யாரும் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை என்றாலும் வண்டியால் அவருக்கே 'மிலிட்டரி' என்று பேராகிவிட்டது. அவருக்கும் அதில் பெருமைதான். அந்த லாரியில் இண்டிகேட்டர் என்று ஒன்று இருந்தால் எரியாது, எரிந்தால் மினுக்காது. அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நூறு அடிக்கு முன்னாலேயே வலது கையை முழுசாக வெளியே நீட்டிவிடுவார். நீட்டி நீட்டி வெயில் பட்டு, அந்தக் கை இடது கையைவிட ஒரு சுற்றுக் கறுத்திருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட மோதியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிச் சர்ட்டிபிகேட் வாங்குகிற எஃப்.சி. தேதி வந்தது. நாலு நாள் இருக்கும்போது காண்ட்ராக்டர் வண்டியை என் கடைக்கு அனுப்பினார். "நாலு மூலையிலயும் இண்டிகேட்டர் மினுங்கணும்ப்பா. ஒன்ன நம்பித்தான் விடுறேன்" என்று போனில் சொன்னார்.

வண்டி அதற்குள் பெயிண்ட் அடித்து வந்திருந்தது. எஃப்.சி. என்றால் எங்கள் பக்கம் முதல் வேலை பெயிண்ட்தான். வண்டிக்கு உயிர் இருக்கிறதோ இல்லையோ, பவுடர் பூசிவிடுவோம். பெயிண்டரும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். போல்ட்டு, நட்டு, ஒயர், ஓணான் எது குறுக்கே வந்தாலும் பிரவுன். ஒயரிங் வேலையை முடித்துவிட்டுப் பெயிண்டுக்கு விடுவதுதான் முறை என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் செய்வதில்லை. பளபளவென்று நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்கே கை ஓடும்.

காலையில் ஆரம்பித்தேன். சுவிட்சைப் போட்டால் ஒரு லைட்டும் இல்லை. மினுக்க வைக்கிற ஃபிளாஷரை மாற்றினேன். இல்லை. பல்புகளைக் கழற்றிப் பார்த்தேன், நாலும் நல்ல பல்பு. டெஸ்ட் லேம்பை வைத்து ஒயர் ஒயராகத் தேடினால் கரண்ட் டேஷ்போர்டு வரைக்கும் வருகிறது, அதைத் தாண்டி வெளியே போகவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டு, துணி சுற்றிய அந்தக் காலத்து ஒயர்களைக் குடலை உருவுகிற மாதிரி வெளியே இழுத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மிலிட்டரி அண்ணன் ஏறுபடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஒளிஞ்சு போறதுக்குன்னே செஞ்ச வண்டிப்பா. எதிரிக்குத் தெரியாமப் போற வண்டி. இதுல போயி, 'நான் திரும்புறேன், நான் திரும்புறேன்'னு ஊருக்குச் சொல்ற லைட்ட மாட்டிக்கிட்டு நிக்கிற."

நான் அடுத்த ஒயரை உருவினேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தார்.

"ஆமா, அந்தத் திருகத் திருப்பிப் பாத்தியா?"

எந்தத் திருகு என்று நான் கேட்பதற்குள் அவரே கையை உள்ளே விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு கனத்த கறுப்புத் திருகை இரண்டு தட்டு திருப்பினார். சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டுப் பார்த்தால், முன்னால் இரண்டும் பின்னால் இடது பக்கமும் பளிச் பளிச்சென்று மினுக்கின. பட்டாளத்து வண்டியில் அது ஒரு ஏற்பாடு. அந்தத் திருகை ஒரு பக்கம் திருப்பி வைத்தால் வெளி லைட் அத்தனையும் செத்துவிடும், ஒளிந்து போவதற்காக. பெயிண்டர் துடைக்கும்போது திரும்பியிருக்கிறது. நான் இரண்டு மணி நேரமாகப் பிரித்துப்போட்டது எல்லாம் வீண்.

டீக்கடை ஒரே சிரிப்பு. "ஏப்பா, சவுதில இந்தத் திருகு கெடையாதோ?" என்று ஒருவர் கேட்டார். "அங்கிட்டு ஒட்டகத்துக்குல்ல ஒயரிங் பாத்துட்டு வந்துருக்கான்!" என்றார் இன்னொருவர். மிலிட்டரி அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்தது கேலியாகக்கூட இல்லை. இன்று நினைத்துப் பார்த்தால், வண்டி எரிந்த சந்தோஷத்தில்தான் சிரித்திருக்கிறார். எனக்கு அன்றைக்கு அது எங்கே தெரிந்தது?

"எறங்குங்கண்ணே கீழ," என்றேன். "தொழில் ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே பாத்துக்க வேண்டியதுதான, எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க? போங்க, போயி அங்கிட்டு டீயக் குடிங்க. முடிஞ்சா நான் கூப்புடுறேன்."

அவர் முகம் சுருங்கியது. இறங்கி ரோட்டைத் தாண்டிப் போனார். என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவரை நாலு பேர் பார்க்க அப்படி விரட்டினேன்.

பின்னால் வலது பக்கம் மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். மினுக்குகிறது, ஆனால் மங்கலாக. எங்கள் தொழிலுக்கு வருகிறவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது, லைட் மங்கலாக எரிந்தால் எர்த்தைப் பார் என்பதுதான். ஒயர் வழியாக வருகிற கரண்ட் பல்பை எரித்துவிட்டு, வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்தத் திரும்புகிற வழிதான் எர்த். பின்லைட்டுக்கு அந்த வழி ஒரே ஒரு போல்ட்டில் இருந்தது. போல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் புதுப் பெயிண்ட். கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, மறுபடி முடுக்க வேண்டும். கால் மணி நேர வேலை.

நான் ஸ்பேனரைப் போட்டு ஓங்கி இரண்டு முடுக்கு முடுக்கினேன். போல்ட்டின் விளிம்பு பெயிண்டை எங்கேயோ ஒரு இடத்தில் கிழித்திருக்கும். லைட் பளிச்சென்று வந்துவிட்டது. போதும் என்று விட்டேன். பிரேக்கை அமுக்கிப் பார்க்க ஆள் வேண்டும். எதிரே பத்துப் பேர் நின்றார்கள். கூப்பிட என் வாய் வரவில்லை. கூப்பிட்டால் மறுபடி சிரிப்பார்கள் என்று இருந்தது.

அவர் திரும்பி வந்ததும், டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். "பாத்துக்கங்க, நாலும் எரியுது. இனிமே கைய வெளிய நீட்டுறதையெல்லாம் விட்டுருங்க. பட்டிக்காட்டு வேல அது. லைட்டே பேசும்."

அவர் பின்னால் போய்ப் பார்த்தார். மினுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சரிப்பா," என்றார், "ஒன் லைட்ட நம்புறேன்." நான் விரட்டியதை அதற்குள் மறந்திருந்தார்.

எஃப்.சி.யில் பாஸாகிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் இண்டிகேட்டரைப் போடச் சொன்னபோது அது எரிந்தது, பிரேக்கை அமுக்கச் சொன்னபோது அதுவும் எரிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனித்தனியாக எல்லாமே எரியும்படிதான் நான் செய்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அண்ணன் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்திருப்பதை எனக்குக் காட்டிச் சிரிப்பார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டுவேன்.

ஒன்றரை மாசம் போயிருக்கும். ஒரு நாள் பத்து மணி வெயிலில், மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் தைலமரக் காட்டுக்குத் திரும்புகிற இடத்தில், லாரியின் மேல் மீன்கார பாய் மோதிவிட்டார். கோட்டைப்பட்டினத்திலிருந்து பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர். அவர் ஹாரன் சத்தம் கேட்டால் எங்கள் தெருப் பூனைகள்கூட வாசலுக்கு வந்துவிடும். லாரி திரும்புகிறது என்று தெரியாமல் வலது பக்கமாக ஏறியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ரோட்டில் ஐஸும் நண்டும் சங்கராவும் சிதறிக் கிடந்தன. மிலிட்டரி அண்ணன் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "போட்டேன்ப்பா, வலது பக்கம் போட்டேன்ப்பா" என்று யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீக்கடை ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய்க்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"லைட்டே போடலைங்க அவரு. அல்லா மேல ஆணையா சொல்றேன். செவப்பு பிரேக் லைட்டு மட்டும்தான் எரிஞ்சுச்சு. ஓரமா நிறுத்தப் போறாரு போலன்னு நெனச்சுத்தான் நான் ஏறுனேன். கையும் நீட்டல. எப்பவும் நீட்டுவாரே, அன்னைக்கு நீட்டல."

பிரேக் லைட் மட்டும்தான் எரிந்தது என்கிறார். அங்கேயே, அந்தக் கட்டில் பக்கத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரேக் பல்புக்கும் இண்டிகேட்டர் பல்புக்கும் எர்த் அந்த ஒரே போல்ட். ஒன்று மட்டும் எரிந்தால் பெயிண்டில் இருந்த அந்தக் கீறல் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் தாங்காது. பிரேக்கை அமுக்கின நொடியில் பின்னால் இண்டிகேட்டர் அவிந்துபோகும். முன்னால் மினுக்கிக்கொண்டே இருக்கும். டிரைவர் கண்ணுக்கு எதிரே டேஷ்போர்டில் இருக்கிற குட்டி பல்பும் மினுக்கிக்கொண்டே இருக்கும். திரும்புகிறவன் எவனும் பிரேக்கை அமுக்காமல் திரும்புவானா? அண்ணன் போட்டிருக்கிறார். பாய் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சொல்வது சத்தியம்.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "பாய், தப்பு என்னுதுங்க" என்று மூணு வார்த்தை. நான் தலைமாட்டில் ஆப்பிள் பையை வைத்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் செய்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காண்ட்ராக்டர், மரத்தை அடுக்கி வைக்கிற தன் கிட்டங்கியில் ஆட்களைக் கூட்டினார். பாயின் மச்சான், எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், மிலிட்டரி அண்ணன். போலீஸ், கேஸ் என்று போகாமல் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டார்கள். "ஒயரிங் பாத்தவன் நீதான். இண்டிகேட்டர் எரியுதா இல்லையா, நீயே எல்லாரு முன்னாடியும் போட்டுக் காட்டிரு" என்றார் காண்ட்ராக்டர்.

நான் லாரியில் ஏறினேன். எனக்குத் தெரியும். காலைப் பிரேக்கில் வைத்தால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் வலது கால் பிரேக்குக்கு நாலு விரக்கடை தள்ளி இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, கையால் இண்டிகேட்டரை மட்டும் போட்டேன்.

"எரியுதுல்ல?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான எரியுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான். லைட்டில் குறையில்லை, டிரைவர்தான் போடவில்லை என்று பஞ்சாயத்து முடிந்தது.

இறங்கினபோது அண்ணன் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் வாயைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "போட்டேன்னுதான் தம்பி எனக்குத் தோணுது," என்றார் மெல்ல. "போட்ட மாதிரித்தான் இருக்கு." நேற்று வரைக்கும் 'போட்டேன்' என்று சொன்னவர். நான் தரையைப் பார்த்தேன். "வயசாயிருச்சுல்லண்ணே" என்று சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும்.

அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? அடுத்த வாரமே ஹாரன் சரியில்லை என்று புது டிரைவர் லாரியைக் கொண்டுவந்தார். ஹாரனைப் பார்க்கிற சாக்கில் பின்னால் போய் அந்த போல்ட்டைக் கழற்றினேன். தேய்க்கத் தேய்க்கப் பிரவுன், அதற்குக் கீழே செம்மண் கலரில் பிரைமர், அதற்கும் கீழே பட்டாளத்துப் பச்சை, எல்லாவற்றுக்கும் கீழே இரும்பு. அன்றைக்கு ஒழுங்காகச் செய்தேன். புது வாஷர் போட்டு, கிரீஸ் வைத்து, தனியாக ஒரு எர்த் ஒயரே இழுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டியை எவன் எப்படிச் சோதித்தாலும் என் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அது தெரிந்துதான் செய்தேன். என் சர்வீஸிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

ஏழெட்டு மாசம் போனது. அண்ணன் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் வேலை வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிட்டேன். டீக்கடையில் அவர் பேச்சு வந்தால், "பாவம், மிலிட்டரிக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா" என்பார்கள். நான் எழுந்து போய் இல்லாத வேலையைப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு நாள் அவரே வந்தார். பழைய பைக் ஒன்று வைத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, ரிவர்ஸ் எடுத்தா கார்ல கீ கீன்னு சத்தம் வருதுல்ல, அது மாதிரி இண்டிகேட்டருக்கு ஒண்ணு இருக்காம்ல? எனக்கு மாட்டி விடு."

"எதுக்குண்ணே?"

"போட்டனா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குதுப்பா. போட்டுட்டுப் போட்டுட்டுக் குனிஞ்சு பாக்குறேன். பாத்துட்டு நிமுந்தா, பாத்தமான்னு சந்தேகம் வருது. அடுப்ப அமத்துனனா, கதவப் பூட்டுனனா, எல்லாத்துலயும் வந்துருச்சு. மக, தலையில ஸ்கேன் எடுக்கணும்ங்கிறா. அந்தப் பாய் காலப் பாத்தன்னைக்கே தெரிஞ்சு போச்சு, நமக்கு மூள செத்துருச்சுன்னு. ஒரு சத்தம் வந்தா நல்லாருக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாட்டிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. பஸ்ஸரை மாட்டி, ஹேண்டில் பக்கத்தில் ஒயரை அழகாகக் கட்டி, போட்டுக் காட்டினேன். கீ கீ என்றது. "நல்லாருப்ப தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ரோட்டில் ஏறும்போது அது கத்தியது. வளைவு தாண்டுகிற வரைக்கும் கேட்டது.

மத்தியானச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பொண்டாட்டி, "ஏங்க, சாம்பாரு உப்பா?" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டேன். மொத்தத்தையும். அவள் என்னைத் திட்டவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, "கையக் கழுவிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

அண்ணன் வீட்டு வாசலில் பைக் நின்றது. அவர் உள்ளே தரையில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பெயிண்ட், போல்ட், பிரேக்கை அமுக்கிப் பார்க்காதது, ஆஸ்பத்திரியில் புரிந்தது, கிட்டங்கியில் வேண்டுமென்றே காலைத் தள்ளி வைத்தது, திருட்டுத்தனமாகச் சரி செய்தது. எல்லாம் சொல்லி முடித்தபோது டம்ளரில் பாதித் தண்ணீர் என் வேட்டியில் இருந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் போட்டேன்ல?" என்றார்.

"போட்டீங்கண்ணே."

"வலது பக்கம்."

"வலது பக்கந்தாண்ணே. டேஷ்போர்டுல மினுக்குனதப் பாத்துருப்பீங்க."

"பாத்தேன்." அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏ, இந்தா! நான் போட்டுருக்கேன்டி! அன்னைக்கு நான் போட்டுருக்கேன்!"

மதினி ஈரக் கையோடு ஓடி வந்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அறுபது வயசு மனுஷன் தொடையைத் தட்டித் தட்டி, "மூளையெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு, ஸ்கேனு வேணாம்னு சொல்லு அவகிட்ட" என்கிறார். நான் அவர் வாழ்க்கையை எடுத்தவன், எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என் மேல் கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை. அதைத் தாங்குவது அடியைத் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் அடங்கினார். "பாய்க்குத் தெரியுமா?"

"இல்லண்ணே."

"அந்த மனுசன் மார்க்கெட்டுப் பக்கம் என்னயப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிறாருப்பா. பொய் சொல்லி ஒருத்தன் பொழப்பக் கெடுத்துட்டமோன்னு அவருக்கும் இருந்துருக்கும் போல. போடு போன."

போட்டேன். பாயிடமும் சொன்னேன். "மழ வந்தா கம்பி வச்ச எடம் இன்னும் வலிக்குது தம்பி" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். "வா," என்றார், "கிட்டங்கிக்குப் போவோம்."

காண்ட்ராக்டர் இருந்தார். லோடு ஏற்றுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அன்றைக்குப் பஞ்சாயத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். லாரி நிழலில் நின்றது. நான் எல்லோர் முன்னாலும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். காண்ட்ராக்டர் முகம் சிவந்துவிட்டது. "ஏன்டா, இம்புட்டு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார். அதற்கும் நின்றேன். பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பி, "சரி விடுப்பா, என்னமோ நேரம். இப்பப் புது டிரைவரு இருக்காரு, பாப்போம்" என்று இழுத்தார்.

அண்ணன் நேராகப் போய் லாரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற புது டிரைவர் ஒதுங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ பின்னாடி போயி நில்லு."

நான் போய் நின்றேன்.

"வலது பக்கம் போட்டுருக்கேன்."

"எரியுதுண்ணே."

"பிரேக்க அமுக்குறேன்."

சிவப்பு எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் விடாமல் மினுக்கியது.

"ரெண்டும் எரியுதுண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"சத்தமாச் சொல்லு. அன்னைக்கு நின்னாகள்ல, அவுகளுக்கும் கேக்கட்டும்."

"எரியுதுண்ணே!" என்று கத்தினேன். வலது பக்க ஜன்னலில் அவர் கை வெளியே வந்தது, தோள் வரைக்கும் நீட்டினபடி அப்படியே நின்றது. நான் கத்தி முடித்த பிறகும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.